கெயின் குமிழே இல்லாத ஒரு ரெக்கார்டர்: விடிகாலைப் பியானோவுக்கு சூம் எஃப்3

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. பகலில் கணக்கு வழக்கு பார்க்கிற ஆள். வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் மனம் போன போக்கில் வாசிப்பேன், பெரும்பாலும் மெதுவாகத்தான், இடது கையில் இரண்டே சுரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும், வலது கை எங்கேயாவது போய்விட்டு வீடு திரும்பும். எதிரில் நோட்டுப் புத்தகம் கிடையாது, முன்கூட்டி யோசித்து வைத்ததும் கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்பார்களே, அதன் ஏழை உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒன்றோ இரண்டோ நன்றாக அமையும். அவற்றை மட்டும் சரிசெய்து வெளியிடுகிறேன். எதில் பதிவு செய்கிறாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக சூம் எஃப்3 என்ற சின்னப் பெட்டிதான். அதைப் பற்றித்தான் இது, ஆனால் அந்தப் பெட்டி செய்யாத வேலைகளைப் பற்றியும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு முன் லேப்டாப், அதில் மைக்கை இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் என்று எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இன்டர்ஃபேஸின் பெயர் வேண்டாம், நல்ல பெட்டிதான். சிக்கல் என்னவென்றால் அதில் கெயின் குமிழ், அதாவது மைக்கின் சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கிற குமிழ் இருக்கிறது, வாசிப்பதற்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். எழுதி வைத்த இசையை வாசிக்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை, சத்தமான இடத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்து அதற்கேற்ப வைத்துவிடுவார். என் விஷயத்தில் சத்தமான இடம் எங்கே வரும், வருமா வராதா என்பதே எனக்குத் தெரியாது. மெதுவான வாசிப்புக்கு ஏற்றபடி கெயினை ஏற்றி வைத்திருப்பேன், பதினேழு நிமிடம் கழித்து இடது கை தானாகக் கீழ் ஸ்தாயியில் இறங்கி ஆக்டேவாக (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து) அடிக்க ஆரம்பிக்கும், அன்றைக்கு வந்ததிலேயே நல்ல இடம் அதுதான், பார்த்தால் சிவப்பு விளக்கு, கரகரவென்று கிழிந்த சத்தம். அதைக் காப்பாற்ற வழியே இல்லை. அடுத்த நாள் பயந்துபோய் கெயினை ரொம்ப இறக்கி வைப்பேன், பிறகு தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து வரும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாசிக்கும்போது ஒரு கண் மீட்டரில் இருக்கும் பாருங்கள், அதுதான் கொடுமை. தியானம் மாதிரி வாசிக்க உட்கார்ந்துவிட்டு அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஃப்3-இல் கெயின் குமிழ் கிடையாது. 2022-இல் வந்த பெட்டி, உள்ளங்கையில் அடங்கும், இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் சொருகலாம், மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் கொடுக்கும், மைக்ரோ எஸ்டி கார்டில் 32 பிட் ஃப்ளோட் முறையில் எழுதும். உள்ளே ஒவ்வொரு மைக்குக்கும் ஒலியை எண்களாக மாற்றும் இரண்டு ஏடி கன்வெர்ட்டர்கள், ஒன்று மெல்லிய சத்தத்தைக் கவனிக்க, இன்னொன்று பெரிய சத்தத்தைக் கவனிக்க. இரண்டையும் சேர்த்து ஒரே ஃபைலாக எழுதிவிடுகிறது. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே சிடியின் 16 பிட் தாங்கும் இடைவெளி சுமார் 96 டெசிபெல், 24 பிட் என்றால் சுமார் 144, 32 பிட் ஃப்ளோட்டோ கணக்குப்படி 1500-க்கும் மேல். அந்த 1500 வெறும் காகிதக் கணக்கு, அத்தனை சத்தம் உலகத்தில் இல்லை, மைக்கும் தாங்காது. நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: தோசை மாவு எவ்வளவு பொங்கினாலும் வழியாத பெரிய தூக்குவாளி இது. பிற்பாடு கம்ப்யூட்டரில் திறக்கும்போது அலை வடிவம் கோடு மாதிரி ஒல்லியாக இருக்கலாம், அல்லது மேலே முட்டிக் கிழிந்தது போலத் தெரியலாம், தூக்கினாலோ இறக்கினாலோ முழுசாக வந்துவிடும்.

அதனால் இப்போது காலையில் என் வேலை இவ்வளவுதான். மைக்கின் மேல் போட்டிருக்கும் துணிப்பையை எடுக்கிறேன், பெட்டியை ஆன் செய்கிறேன், ரெக்கார்ட் விசையைத் தள்ளுகிறேன், உட்கார்கிறேன். தூக்கக் கலக்கத்தில்கூடச் செய்யலாம், செய்திருக்கிறேன். பெட்டி எனக்குப் பின்னால் தரையில் இருக்கும், திரை கண்ணில் படாது. ஒரு மணி நேரப் பதிவு, வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், ஏறக்குறைய 1.4 ஜிபி, ஒரு 32 ஜிபி கார்டில் இருபது மணி நேரத்துக்கு மேல் போகும், அதனால் இடைநிறுத்தம் பற்றிய கவலையும் இல்லை. 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம் என்கிறார்கள். போகலாம்தான், என் பியானோவுக்கும் என் காதுக்கும் 48 போதும்.

சரி, இனி அது செய்யாதவை. 32 பிட் ஃப்ளோட் என்றால் இரைச்சலே இருக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நானும் நம்பித்தான் வாங்கினேன். மைக்கின் சொந்த இரைச்சலை அது ஒன்றும் செய்யாது. முதலில் ஒரு நண்பரிடம் ரோட் என்டி5 ஜோடியைக் கடன் வாங்கி வைத்தேன். அருமையான மைக்குகள், ஆனால் அதன் விவரத்தாளில் சொந்த இரைச்சல் 16 டெசிபெல் என்று போட்டிருக்கும், கிடாருக்கும் டிரம்ஸுக்கும் அது பொருட்டே இல்லை, என் வாசிப்பிலோ ஒரு சுரம் அடித்துவிட்டு அது பதினைந்து வினாடி கரைந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பாதி சங்கதி. அந்தக் கரைசலின் கடைசியில் மெல்லிய மழைச் சத்தம் போல ஒன்று வரும். பிறகு அதே நிறுவனத்தின் என்டி1-ஏ ஜோடி வாங்கினேன், அதற்கு 5 டெசிபெல்தான். அறையின் சத்தம் எப்படியும் 5-ஐவிட அதிகமாயிற்றே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அறையின் சத்தம் பெரும்பாலும் அடியில் கிடக்கிற உறுமல், காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும், மைக்கின் இரைச்சல் மேலே சீறிக்கொண்டே இருக்கும். என்டி1-ஏ உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிற மைக், கம்பியை அடிக்கிற என் பியானோவின் பழைய ஹேமர்களுக்கு அது சற்றுக் கூர்மை. அதைப் பிற்பாடு ஈக்யூவில், அதாவது உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவியில், இரண்டு டெசிபெல் இறக்கினால் சரியாகிவிடுகிறது.

மைக் வைக்கிற இடம் பற்றி ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. நான் பியானோவின் முன் பலகையைக் கழற்றிவிட்டு, என் தலைக்கு இரண்டு பக்கமும், கம்பிகளிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் வைக்கிறேன். 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம் என்று ஓஆர்டிஎஃப் முறையிலும் வைத்துப் பார்த்தேன், கச்சேரி அரங்கில் அழகாக இருக்கும் போல, என் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாலு சுவரையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டது.

அறைதான் உண்மையான செலவு. நான் இருப்பது நங்கநல்லூர். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேலே போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மௌனத்தைப் பதிவு செய்கிறேன் என்கிறான் பார் என்று. நாலு மணியில் இருந்து ஐந்துக்குள் இடைவெளி கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஐந்துக்கு மேல் கோயில் ஒலிபெருக்கி, அப்புறம் காகம், அப்புறம் தண்ணீர் லாரி, ஆறரைக்கு யார் வீட்டுக் குக்கரோ. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், மே மாதத்தில் அது என்ன கதி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வியர்வை வழுக்கி ஒரு சுரம் தவறி விழுந்து அதுவே நல்ல திருப்பமாகப் போனதும் உண்டு.

பெட்டி இத்தனை நுட்பமாகக் கேட்கும்போதுதான் வீட்டில் என்னென்ன பேசுகிறது என்று தெரிகிறது. ஒரு குறிப்பிட்ட எஃப் சுரத்தை அடித்தால் மட்டும் இரும்பு பீரோவின் கைப்பிடி கிணுகிணுக்கும். ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களுக்கு வேறு ஒரு சுரம் பிடித்திருந்தது. ஒவ்வொரு கட்டையாகக் கீழிருந்து மேல்வரை அடித்து, எது நடுங்குகிறது என்று அம்மா அறைக்குள் சுற்றிச் சுற்றிக் காதை வைத்துக் கண்டுபிடித்தார். "நிறுத்துடா, இதோ இந்தப் படச் சட்டம்தான்" என்று தாத்தா படத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பின்னால் துண்டுத் துணி வைத்து மாட்டியிருக்கிறேன். சுவர் எதிரொலிக்குப் பெரிய சாதனமெல்லாம் வாங்கவில்லை, பின்சுவரில் புத்தக அலமாரி, தரையில் ஜமக்காளம், ஒரு கொடியில் இரண்டு கனத்த போர்வை.

இன்வெர்ட்டர் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வேறு எங்கும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் எடுத்த பதிவுகளில் ஜி-யை மையமாக வைத்து வாசித்தவை எல்லாம் கீழே ஒரு மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தன, சி-யில் வாசித்தவை சுத்தமாக இருந்தன. பியானோ ட்யூனரைக் கூப்பிட்டேன், அவர் கம்பிகளில் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விஷயம் இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இன்வெர்ட்டர் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் முனகும். பியானோவில் நடு சி-க்குக் கீழே இரண்டாவதாக வருகிற ஜி சரியாக 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். அதாவது என் வீட்டு இன்வெர்ட்டர் ராத்திரி பகலாகத் தம்புரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, ஆனால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிய சுருதியில். ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸைக் குடைந்து எடுத்தால் என் ஜி-யும் கூடவே போய்விடும். வேறு வழி இல்லாமல் வாசிக்கும் நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்து வைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது நாளே கரண்ட் போனது. ரெக்கார்டர் இரண்டு ஏஏ பேட்டரியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜும் நின்றுபோய், தெருவிளக்கும் அணைந்து, பக்கத்து வீடுகளின் ஏசி எல்லாம் ஓய்ந்து, அப்படி ஒரு நிசப்தம். கட்டை தெரியாத இருட்டில் இருபது நிமிடம் வாசித்தேன். இதுவரை எடுத்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கண்டென்ஸர் மைக்குக்கும் 48 வோல்ட் கொடுக்கும்போது ஏஏ பேட்டரிகள் வேகமாகக் கரையும், அது எந்தப் பெட்டியானாலும் அப்படித்தான். யூஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்க் கொடுத்தால் கவலையில்லை. மொபைல் சார்ஜரில் சொருகாதீர்கள், சுவர் மின்சாரத்தின் ஹம் உள்ளே வர ஒரு வழி திறந்து வைத்தது போல. பவர் பேங்கிலும் ஒன்று கவனியுங்கள், சிலது மின்சாரம் குறைவாக இழுக்கப்பட்டால் சாதனம் எதுவும் இல்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். என்னிடம் இருந்த ஒன்று அப்படிச் செய்தது. உள்ளேயும் பேட்டரி போட்டு வைத்திருந்ததால் பதிவு தப்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான அப்ரைட் பியானோக்களில் நடுப் பெடலை அழுத்திப் பூட்டினால் ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துணி இறங்கும். பயிற்சிக்காக வைத்தது. ஜெர்மனியின் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம்கூட ராத்திரியில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்க ஃபெல்ட் போட்டுத்தான் அந்த மூடுபனி மாதிரியான சத்தத்துக்கு வந்து சேர்ந்தார், பிறகு அதுவே ஒரு பாணியாகிவிட்டது. அதில் சுரத்தைவிடக் கட்டை விழும் சத்தம், பெடல் எழும் பெருமூச்சு, விரல் நகம் உரசுவது எல்லாம் பெரிதாகக் கேட்கும். சிலருக்கு அதுதான் அழகு. எனக்கும் பிடிக்கும், ஆனால் பெஞ்ச் முனகுவது பிடிக்காது, அதன் திருகுகளை முறுக்கிவிட்டேன். மேல் வீட்டு மாமி ஒருநாள் லிஃப்டில், "காலம்பற நீதான் வாசிக்கறியா? நன்னா தூக்கம் வரது" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வெளியிடும் முன் பதிவைச் சரிசெய்வதற்கு மாஸ்டரிங் என்று பெரிய வார்த்தை போட்டால் என்னவோ என்று நினைப்பீர்கள், நான் செய்வது மிகக் குறைவு. பதிவு செய்த அன்றே கேட்க மாட்டேன், இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டுவிட்டுத்தான். வாசித்த அன்றைக்கு விரல் நினைவில் எல்லாமே அற்புதமாகத் தெரியும். நாற்பது நிமிடத்தில் ஆறு நிமிடம் தேறினால் பெரிய விஷயம். ரீப்பர் என்ற மென்பொருளில் செய்கிறேன், 60 நாள் முழுசாகச் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், இந்த வேலைக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது. நடுவில் வெட்டி ஒட்டுவதில்லை. ஒருமுறை இரண்டு நாள் வாசிப்பை ஒட்டினேன், சுரம் பொருந்தியது, முந்தின சுரத்தின் மிச்ச ரீங்காரம் பொருந்தவில்லை, கேட்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தடுக்கும்.

பியானோவின் ஆகக் கீழ்ச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ். அதனால் 25-க்குக் கீழே உள்ளதைத் தாராளமாக வெட்டிவிடலாம், விமானமும் லாரியும் மிச்சம் வைத்த நடுக்கம் கொஞ்சம் அங்கேதான் கிடக்கும். 300 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு டெசிபெல் இறக்கினால் என் அறையின் டப்பா சத்தம் குறைகிறது, உங்கள் அறைக்கு வேறு எண்ணாக இருக்கும். சத்த வித்தியாசத்தைச் சுருக்குகிற கம்ப்ரெஸ்ஸர் போடுவதில்லை. லிமிட்டர் பெயருக்கு, உச்சம் -1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்க. நாய்ஸ் ரிடக்ஷனைத் தொட்டுக் கெட்டது போதும், கரைகிற சுரத்தின் மேல் அதைப் போட்டால் தண்ணீருக்கு அடியில் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதைவிட இரைச்சலே தேவலை.

சத்த அளவுதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடம். ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ் (காது உணர்கிறபடி மொத்தப் பதிவின் சத்தத்தை அளக்கும் அலகு) என்கிறது, ஆப்பிள் மியூசிக் -16, உடனே எல்லோரும் அந்த எண்ணுக்கு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். என் பதிவுகள் -20 பக்கம் நிற்கும், அப்படியே அனுப்பிவிடுகிறேன். அந்த அளவுகோல் மௌனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சராசரியைவிட 10 யூனிட்டுக்குக் கீழே போகிற பகுதிகளை அது ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் அளக்கிறது. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது நியாயம். என்னுடையது போன்ற வாசிப்பில் பாதி நேரம் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே மீட்டர் காட்டுகிற எண் சத்தமான பாதியின் எண், முழு வாசிப்பின் எண் இல்லை. அதை -14-க்குக் கொண்டுவர முயன்றால் இடது கை ஆக்டேவாக அடிக்கிற அந்தச் சத்தமான இடம் நசுங்கும், அதற்காகத்தானே இந்தப் பெட்டியையே வாங்கினேன். யூடியூப் மெல்லிய பதிவைத் தூக்கிக் கொடுக்காது, கேட்கிறவர்கள் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் வாங்காதீர்கள், காசு தண்டம். யூஎஸ்பி வயரைக் கம்ப்யூட்டரில் சொருகி மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தக் கட்டை எப்போது அடிக்கப்பட்டது என்ற குறிப்பாகப் பதிந்து, ஸ்பிட்ஃபயர் லாப்ஸ் என்ற மென்பொருளில் சாஃப்ட் பியானோ இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டு வாசியுங்கள், விமானம் போனாலும் கவலையில்லை. தனியாக மைக் வாங்க இப்போது பணமில்லை என்றாலும் எஃப்3 வேண்டாம், அதற்குள் மைக்கே கிடையாது, வெறும் பெட்டியாகத்தான் இருக்கும். அதே நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில்தான் எழுதுகிறது, மேலேயே மைக் ஜோடியும் உண்டு, விலையும் குறைவு, பியானோ மேல் வைத்துவிட்டுத் தொடங்கலாம். பாட்டும் பியானோவும் வயலினும் சேர்த்து எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு உள்ளீடு போதாது.

எஃப்3 வெளிவந்தபோது அமெரிக்காவில் 350 டாலர் விலை, இங்கே வாங்கும்போது அதற்கு மேல் நிறையவே ஆகும். மைக், ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் சேர்த்தால் வீட்டில் சொல்லும்போது எண்ணைக் கொஞ்சம் முழுங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முதலில் மைக்குகள், அதற்குப் பின்தான் பெட்டி. கேபிள் மட்டும் 3 மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள், நான் 10 மீட்டர் வாங்கிவிட்டு இன்னும் தினமும் இருட்டில் தடுக்கிக்கொண்டிருக்கிறேன்.